செங்கொடியும் பசுங்கொடியும்



திருகோணமலை நகரிலிருந்து கண்டி வீதி வழியாகப் புறப்படுபவர் சிறிது நேரத்தில் பாலையூற்று என்னும் ஊரைக் காண்பர். லூர்து அன்னையின் திருத்தலத்தால் யாவரும் அறிந்த ஊர் அது. அதன் பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு மரமும் ஒரு நீரும் தோன்றும். பண்டைத் தமிழ் இலக்கணத்திலே பாலை என்பது நீரற்று வெந்த நிலம். ஈழத்துக் காடுகளிலோ பாலை என்பது கோடையிலே கனி தரும் வைரம் பாய்ந்த மரம். அதன் பழத்தை மிகுதியாக உண்டு, உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இளமை நினைவு நம்மவருட் பலர்க்கு இருக்கும்.

மரத்தையும் நீரையும் கொண்டு ஊருக்குப் பெயரிட்டனர் நம் முன்னோர். அம்மரமும் அந்நீரும் யாருக்கு உரியன, அவற்றைப் பற்றி முடிவு செய்ய வல்லவர் யார் என்பது அக்காலத்தில் ஒரு கட்சியின் கொள்கையாகும் என்று எவரும் எண்ணியிரார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அது கொள்கையாயிற்று. பசுமைக் கட்சிகள் என்று பெயர் பெற்றவை உலகின் பல நாடுகளிலே தோன்றின. அவற்றுள்ளும் இடதுசாரிப் போக்குடையவை தமக்கெனத் தனியானதொரு நோக்கை வகுத்துக்கொண்டன. அந்நோக்கு எங்கே பிறந்தது, அது வேண்டி நிற்பது யாது என்பதையும், அத்தகைய கட்சி எதுவும் வேரூன்றாத நமது துறைமுக மாவட்டத்திலே அதே கேள்விகள் எவ்வாறு எழுந்தன என்பதையும் இவ்வுரையிலே நோக்குவோம்.

முதலில் இடதுசாரிகளின் பழைய நோக்கை அறிதல் வேண்டும். இலங்கையிலே 1930-களின் தொடக்கத்தில் சூரியமல் இயக்கம் தொடங்கியது. 1934-35-இல் மலேரியாக் கொள்ளைநோய் கிராமங்களைச் சூறையாடியபோது அவ்வியக்கத்து இளைஞர் மருந்தும் உணவும் சுமந்து சென்றனர். 1935 டிசம்பர் 18-ஆம் நாள் இலங்கை சமசமாஜக் கட்சி உதயமாயிற்று. அந்நிய இராணுவத் தளங்கள் அகல வேண்டும் என்று இடதுசாரிகள் இடையறாது கேட்டனர்; 1957-இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. 1958-ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், பிலிப் குணவர்த்தனாவின் முயற்சியால், குத்தகை உழவனுக்கு நிலத்திலே ஓரளவு பாதுகாப்பை அளித்தது. இவை யாவும் பெரும்பணிகள். ஆயினும் அக்காலத்து இடதுசாரி ஒருவர் உயர்ந்த புகைபோக்கியைக் கண்டால் மகிழ்ந்தார். புகைபோக்கி என்றால் தொழிற்சாலை. தொழிற்சாலை என்றால் வேலை. வேலை என்றால் தொழிலாளி வர்க்கத்தின் வலிமை. ஆலை யாருடையது என்று கேட்டாரேயன்றி, அதன் கழிவு எந்த ஆற்றிற் கலக்கின்றது என்று கேட்டாரல்லர். குப்பி விளக்கின் ஒளியிலே பிள்ளைகள் படித்த நாட்டில் அதனை எளிதிற் குறை கூறவும் இயலாது. பிற்காலத்திலே, தனியுடைமை ஒழிந்த சோவியத் நாட்டிலும் ஏரல் கடல் வற்றியதையும், 1986 ஏப்பிரலிலே செர்னோபில் அணு உலை வெடித்ததையும் உலகம் கண்டது. உடைமை மாறினால் மட்டும் போதாது என்பதற்கு அவற்றினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

பசுமை அரசியல் செல்வந்தர் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இன்றும் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1971-இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே, கெலிஸ் புஷ் என்னும் சிறு காட்டை அழித்து வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் முற்பட்டது. அப்பகுதிப் பெண்கள் பதின்மூவர் அரசிடம் முறையிட்டும் பயன் காணாது, கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் உதவியை நாடினர். சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஜாக் மண்டி பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்தவர். கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்வது சங்கங்களின் வழக்கம். இச்சங்கமோ ஒரு காட்டிற்காக வேலை செய்ய மறுத்தது! தம் உழைப்பு எதற்குப் பயன்படுகின்றது என்பதிலே தொழிலாளிக்கும் ஒரு சொல் உண்டு என்பதே மண்டியின் வாதம். இவ்வாறான மறுப்புகள் பசுமைத் தடைகள் எனப் பெயர் பெற்றன. அடுத்த சில ஆண்டுகளில் நாற்பதுக்கு மேற்பட்டவை விதிக்கப்பட்டன. பழைய குடியிருப்புகளிலிருந்து ஏழைகளை அகற்றித் தூபியெனக் கட்டடம் எழுப்பும் திட்டங்களும் அவற்றால் நின்றன. ஜேர்மனியப் பசுமைக் கட்சியின் நிறுவுநருள் ஒருவராகிய பெட்ரா கெலி அம்மையார் 1977-இல் அவுஸ்திரேலியா சென்றபோது இவற்றைக் கேட்டறிந்து, பசுமை என்னும் சொல்லையே அங்கிருந்து அரசியலுக்குக் கொண்டுவந்தார் என்று கூறுவாரும் உளர். அது முற்றிலும் உண்மையோ அன்றோ, செங்கொடிச் சங்கம் ஒன்றின் செயல் பசுங்கொடிக்கு முன்னோடியாயிற்று என்பதில் ஐயமில்லை.

நமக்கு அண்மையிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 1974 மார்ச்சில் இமயமலைச் சாரலிலுள்ள ரேணி என்னும் சிற்றூரில், ஆடவர் ஊரில் இல்லாத வேளை பார்த்து மரம் வெட்ட வந்தவர்களைக் கௌரா தேவி என்னும் கைம்பெண் ஊர்ப் பெண்களைத் திரட்டித் தடுத்து நிறுத்தினார். சிப்கோ என்று வழங்கிய அவ்வியக்கத்திலே காந்திய வழியினரான சண்டி பிரசாத் பட்டும், பொதுவுடைமையாளரான கோவிந்த் சிங் ராவத்தும் ஒருங்கே உழைத்தனர். அடுத்த ஆண்டு, 1975-இல், ஜேர்மனியின் தென்மேற்குக் கோடியிலுள்ள வீல் என்னும் ஊரில் அணுமின் நிலையம் அமைக்க அரசு முனைந்தபோது, முதலில் எதிர்த்தெழுந்தவர் அங்கே திராட்சை பயிரிட்ட உழவர். நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து எழும் நீராவி மூடுபனியாகப் படிந்து கொடிகளுக்கு வெயில் படாமற் செய்துவிடும் என்று அவர்கள் அஞ்சினர். மாணவரும் பிற ஊராரும் பல்லாயிரவராக வந்து சேர்ந்து, கட்டட நிலத்திலேயே குடில் அமைத்து மாதக்கணக்கில் இருந்தனர். நிலையம் கட்டப்படவேயில்லை.

இவ்வாறு சங்கத் தொழிலாளி, மலைநாட்டுப் பெண், திராட்சை உழவன் ஆகியோர் செய்து காட்டியதையே கட்சிகள் பின்னர் எழுத்தில் வடித்தன. 1972-இல் தஸ்மானியாவிலும் நியூசிலாந்திலும் இத்தகைய முதற்கட்சிகள் தோன்றின. 1980 ஜனவரியில் கார்ல்ஸ்ரூ நகரிலே ஜேர்மனியப் பசுமைக் கட்சி அமைந்தது. 1983-இல் அது 27 உறுப்பினருடன் பாராளுமன்றம் புகுந்தபோது, சிலர் பூந்தொட்டிகளை ஏந்திச் சென்றனர் என்பதைப் பத்திரிகைகள் நகைச்சுவையாக எழுதின. அக்கட்சியின் நான்கு தூண்களைப் பற்றி எழுதியவை குறைவு. இயற்கைச் சமநிலை, சமூக நீதி, அடிமட்ட மக்களாட்சி, வன்முறை தவிர்த்தல் என்பன அந்நான்கு. முதலாவதைத் தனியே எடுத்துக்கொண்டால், காட்டைக் காப்பதற்காகக் காட்டுவாசியைத் துரத்தும் அரசும் தன்னைப் பசுமை அரசு என்று கூறிக்கொள்ளலாம். இரண்டாவதைத் தனியே எடுத்தால், எல்லோர்க்கும் சமமாக நஞ்சைப் பங்கிடுதலும் நீதியாகிவிடும். இடதுசாரிப் பசுமையாளர் இவ்விரண்டையும் பிரிக்கலாகாது என்றனர். நிலக்கரிச் சுரங்கத்தை மூடுவதாயின் சுரங்கத் தொழிலாளிக்கு மாற்றுத்தொழில் அமைத்த பின்னரே மூட வேண்டும். மாசு செய்பவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும். மின்சாரமும் நீரும் போக்குவரத்தும் இலாபத்திற்கு மட்டும் உரிய பண்டங்களாதல் ஆகாது. ஓரிடத்தைப் பற்றிய முடிவு அவ்விடத்து மக்களைக் கேளாமல் செய்யப்படலாகாது. இவை அவர்களுடைய வேண்டுகோளின் சாரம். தம் கட்சிக்குள்ளும் அதனைக் கடைப்பிடிக்க முயன்று, பாராளுமன்ற உறுப்பினர் பாதிக் காலத்தில் பதவி விலகிப் பிறர்க்கு இடம்விட வேண்டும் என்று விதித்தனர். மனித இயல்பை அறிந்தவர்க்கு அவ்விதி நெடுநாள் நிலைக்கவில்லை என்பது வியப்பளிக்காது. நெதர்லாந்திலே பொதுவுடைமைக் கட்சி, அமைதிவாத சமவுடைமைக் கட்சி, கிறிஸ்தவப் பின்னணியுடைய இரு சிறு கட்சிகள் ஆகிய நான்கும் 1989-இல் ஒரே பட்டியலில் தேர்தலுக்கு நின்று, 1990-இல் பசுமை இடதுசாரி என்னும் பெயரிலேயே ஒரு கட்சியாயின. கொள்கையின் பெயரைத் தன் பெயராகவே ஏற்ற கட்சி அது. ஆட்சியேறிய இடங்களில் சறுக்கல்களும் நேர்ந்தன. 1999-இல் கொசோவோப் போரிலே ஜேர்மனி பங்கு கொண்டபோது, வெளிநாட்டமைச்சர் பதவியில் இருந்தவர் பசுமைக் கட்சித் தலைவராகிய யோஷ்கா பிஷர். நான்காவது தூண் அன்று ஆட்டங்கண்டது.

இனி நமது துறைக்கு வருவோம்.

திருகோணமலையின் வரலாற்றிலே ஒரு துயரம் மீண்டும் மீண்டும் தோன்றும். இத்துறையைப் பற்றிய முடிவுகள் இத்துறையிலே செய்யப்படுவதில்லை. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் அதனைக் கைக்கொண்டனர். 1782-இல் பிரெஞ்சுக்காரர் சிறிது காலம் வைத்திருந்தனர். 1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். சீனன்குடாவுக்கு அருகே எழுந்த எண்ணெய்த் தாங்கிகள் கிழக்குக் கடற்படையின் தேவைக்கானவை. 1942 ஏப்பிரல் 9-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் அத்தேவையின் பொருட்டே. துறைமுகத்தை அடுத்து வாழ்ந்த கடற்றொழிலாளரையும் உழவரையும் எவரும் கலந்து பேசியதாக வரலாறு இல்லை.

இந்நிலையின் அண்மைக் காலச் சான்று சம்பூர். கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே, பத்திரகாளி அம்மன் ஆலயத்தால் பெயர் பெற்ற சம்பூரும் அதன் அயற்கிராமங்களும் 2006-இல் போரின் வாயில் அகப்பட்டன. மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முதலிய இடங்களிலே தற்காலிகக் கொட்டில்களில் அவர்களுட் பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். 2007-இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. ஊரார் இல்லாத அந்த ஊரின் எதிர்காலமோ அதற்கு முன்னரே தாளில் எழுதப்பட்டுவிட்டது. 2006 டிசம்பர் 29-ஆம் நாள் இலங்கை மின்சார சபையும் இந்தியத் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் திருகோணமலையில் 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் அமைப்பதற்கு ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. அதற்குரிய இடமாகச் சம்பூரே வரையறுக்கப்பட்டது. காணிச் சொந்தக்காரர் கொட்டிலில் இருக்க, அவர் காணியின் மேல் கொதிகலன் வரைபடம் தீட்டப்பட்டது.

நிலக்கரி மின்நிலையம் என்பது யாது என்பதையும் இங்கே சற்று விளக்குதல் தகும். எரியும் கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கோ, சற்று மிகுதியோ மட்டுமே மின்சாரமாகும். எஞ்சியதில் பெரும்பகுதியைக் குளிர்விப்பு நீர் வாங்கிக்கொள்ளும். கடற்கரையிலே அமைக்கும் நிலையம் குடாவின் நீரை உறிஞ்சி, சூடேற்றி, மீண்டும் குடாவிலேயே விடும். உறிஞ்சும் குழாயில் மீன்முட்டையும் குஞ்சும் அகப்படும். சுடுநீர் விழும் இடத்திலே பவளமும் கடற்புல்லும் வாடும். நாள்தோறும் ஆயிரக்கணக்கான தொன் கரி எரிந்தால் அதற்கேற்ப மலையெனச் சாம்பல் குவியும். வாடைக்காற்று வீசும் மாதங்களிலே புகையும் தூசியும் மூதூர்ப் பக்கத்து வயல்களை நோக்கியே செல்லும். 2011-இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை நிலையத்தின் அயலிலே வாழ்வோர் சாம்பல் தூசியைப் பற்றி முறையிட்டு வந்தமையைத் திருகோணமலையார் அறிந்திருந்தனர். மேலும் கொட்டியாரக் குடா சாதாரணமானதொரு குடாவன்று. மகாவலி கங்கை தன் நெடும்பயணத்தை முடித்துக் கடலொடு கலப்பது இங்கேதான். கரையை அண்மித்தே கடலடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. திமிங்கிலங்கள் இக்கரையை நாடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பர்.

2015-இல் ஆட்சி மாறியபின், சம்பூரிலே கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்த 818 ஏக்கர் காணி மக்களுக்கு மீள அளிக்கப்படும் வகையில் வர்த்தமானி அறிவித்தல் இரத்துச் செய்யப்பட்டது. கடற்படை முகாம் நிலைகொண்டிருந்த 237 ஏக்கரும் பின்னர் விடுவிக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகளின் பின் தம் கிணற்றை எட்டிப் பார்த்தவர் உணர்ச்சியை நான் வருணிக்கப் போவதில்லை. மின்நிலையத்துக்குரிய நிலமோ அத்தாராளத்தில் அடங்கவில்லை. மீண்டு வந்தவர்கள் தம் வீட்டு முற்றத்துக்கு அப்பால் புகைபோக்கி எழும் என்ற செய்தியோடு குடியேறினர். எதிர்ப்பு வலுத்தது. ஊர்மக்களும், திருகோணமலை நகர இளைஞரும், கடற்றொழிலாளரும், கொழும்பிலிருந்த சூழலியலாளரும் ஒரே கோரிக்கையை முன்வைத்தனர். சுற்றாடல் மன்றம் ஒன்று உயர்நீதிமன்றத்திலே அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தது. 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கப்படமாட்டாது என அரசின் சார்பிலே நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது.

மக்கள் எதிர்ப்பு ஒன்றே இதனைச் சாதித்தது என்று கூறுதல் மிகையாகும். பாரிஸ் உடன்பாட்டை இலங்கை ஏற்றுறுதி செய்த மாதமும் அதுவே. இரு நாடுகளிடையே வேறு பேரங்களும் நடந்தன. ஆயினும் மக்கள் வாளாவிருந்திருந்தால் அப்பேரங்களில் சம்பூரின் பெயரே எழுந்திராது.

நீதிமன்றத்தை நாடிய அவ்வழிக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. 1980-ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டம் 1988-இல் திருத்தப்பட்டு, பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. பின்னர் அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையிலே பொசுபேற்றுப் படிவத்தை அந்நிய நிறுவனம் ஒன்றுக்கு அகழக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்து அவ்வூரார் வழக்காடினர். 2000-ஆம் ஆண்டிலே உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நாட்டின் இயற்கை வளத்துக்கு அரசு உடைமையாளன் அன்று, காப்பாளனே என்ற கருத்தைப் பண்டைக் குளங்களின் வரலாற்றையும் எடுத்துக்காட்டி நீதியரசர் அமரசிங்க அத்தீர்ப்பிலே விரித்துரைத்தார். எப்பாவலையார் சிங்கள உழவர். சம்பூரார் தமிழ் உழவர். இருவரும் ஒரே சட்டத்தின் நிழலிலே ஒதுங்கினர். இதனை நம் அரசியலாளர் போதியவாறு எடுத்துரைக்கவில்லை என்பது என் துணிபு.

இப்போராட்டங்களிலிருந்து ஏன் ஒரு பசுமைக் கட்சி எழவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். வடக்கிலே, மாகாண விவசாய அமைச்சராக 2013 முதல் 2017 வரை இருந்த பொ. ஐங்கரநேசன் தமிழ்த் தேசியப் பசுமை இயக்கம் என்ற பெயரில் இயங்கி வருகின்றார். கார்த்திகையை மரநடுகை மாதமாக்கிய முயற்சியிலும் அவர் பெயர் உண்டு. திருகோணமலையிலோ தேர்தல் என்றாலே மூவினத்தாரும் தத்தம் இன எண்ணிக்கையைக் கணக்கிடும் பழக்கம் ஊறிவிட்டது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே குடாவில் வலை வீசினாலும் வாக்குச்சீட்டு வெவ்வேறு பெட்டகத்துக்கே செல்கின்றது. நிலம் பறிபோகும் அச்சம் இங்கே இனத்தின் அச்சமாகவே வெளிப்பட்டது. அதற்கு வலுவான காரணங்களும் இருந்தன. ஆகவே நான்கு தூண்களையும் ஒருங்கே நிறுத்த இடம் கிடைக்கவில்லை. அவ்வாறாயினும் மின்நிலையத்தை எதிர்த்த நாட்களிலே, காற்றுக்கும் கடலுக்கும் இனம் இல்லை என்பதைப் பலரும் உணர்ந்தனர்.

சம்பூரின் கதை அங்கே முடியவில்லை. 2021-இல் புதிய நிலக்கரி நிலையங்களை இனி அமைப்பதில்லை என்று இலங்கை உலக அரங்கிலே உறுதி கூறியது. கரிக்கு ஒதுக்கிய சம்பூர் நிலத்திலே சூரிய ஒளி மின்நிலையம் அமைப்பதற்கு அதே இரு நிறுவனங்களும் 2022-இல் உடன்பட்டன. 2025 ஏப்பிரலில், இந்தியப் பிரதமர் இலங்கை வந்திருந்தபோது, 120 மெகாவாற்றுத் திட்டத்தின் தொடக்க விழா நிகழ்ந்தது. புகையில்லை, சாம்பலில்லை, சுடுநீரில்லை. வெறும் பசுமை வேண்டுவோர்க்கு இதனினும் மேலான முடிவு யாது? இடதுசாரிப் பசுமையாளரோ இங்கே நின்று இன்னொரு கேள்வியைக் கேட்பார்: கரியின் பெயரால் காணியை இழந்தவர், கதிரவனின் பெயரால் அதனைத் திரும்பப் பெற்றாரா? கண்ணாடிப் பலகைகள் பரப்புவதற்கும் ஏக்கர்க்கணக்கில் நிலம் வேண்டும். அந்நிலம் பயிர்நிலமா தரிசா, சொந்தக்காரர்க்கு வாடகையோ பங்கோ உண்டா, உற்பத்தியாகும் மின்சாரத்தில் அயற்கிராமத்துக்கு என்ன பயன் என்பவற்றைக் கேளாமல் பசுமை நிறைவு பெறாது என்பது அவர் கட்சி.

இக்கேள்வி வெறும் தருக்கமன்று. நமது மாவட்டத்து முத்துநகரிலே, நெடுங்காலமாக நெல் விளைத்த வயல்கள் துறைமுக அதிகாரசபைக்கு உரியவை எனக் கொள்ளப்பட்டு, சூரிய மின்திட்டங்களுக்கெனத் தனியார் நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டன. 2025-இல் அவ்விவசாயிகள் வயலை விட்டு நகருக்கு வந்து, மாவட்டச் செயலகத்தின் முன் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர்கள் சூரிய மின்சாரத்தை வேண்டாம் என்று கூறவில்லை; தம் வயலைக் கேட்டனர்.